தகலோக்கில் சீப்புக்கு என்ன சொல்? சுக்லாய், சூயொத், பைனேதா – பொருளும் பிறப்பும்

சொல்வங்கி எழுதியது:

தமிழ்–தகலோக் (பிலிப்பைன்ஸின் முதன்மை மொழி) கைச்சொற்கோவை ஒன்றில் 'சீப்பு' பதிவு பாதியில் நிற்கிறது. கிடைக்கிற பட்டியல்கள் எல்லாம் 'சீப்பு = சுக்லாய்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. ஆனால் பிலிப்பைன்ஸ் செய்திகளில் 'சூயொத்' என்று ஒரு சொல் அடிக்கடி வருகிறது. ஓரிடத்தில் அது பேன்சீப்பு, இன்னோரிடத்தில் வயலில் எருமை இழுக்கும் கருவி, மற்றோரிடத்தில் போலீஸ் ஒரு பகுதியைத் தேடுவது. மூன்றும் ஒரே சொல்தானா? எங்கிருந்து வந்தது?

இன்னொரு கேள்வியும் உண்டு. பிலிப்பைன்ஸின் நடுவில் உள்ள விசயா தீவுகளில் வாழைச்சீப்பை 'சீப்பி' என்கிறார்களாம், அது நம் 'சீப்பு' கப்பலேறிப் போனதுதான் என்று ஒரு பகிர்வு சுற்றுகிறது. சேர்க்கலாமா, விட்டுவிடலாமா?

---

பாடவேளை எழுதியது:

மூன்றும் ஒரே சொல்தான். ஆனால் அதைப் பிடிக்க, முதலில் சுக்லாயையும் சூயொத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிப்பது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி.

சுக்லாய் தலைவாரும் சீப்பு. சிக்கெடுக்க, வகிடெடுக்க, முடியைப் படிய வைக்க. அழுத்தம் கடைசி அசையில் விழும்: சுக்-லாய்.

சூயொத் பேனும் ஈரும் எடுக்கும் சீப்பு. இரண்டு பக்கமும் பல் வைத்து, பற்கள் நெருங்கி நிற்கும். நம் ஊர் மரப் பேன்சீப்பை ஒரு பிலிப்பைன்காரரிடம் காட்டினால் தயங்காமல் சூயொத் என்றுதான் சொல்வார். அழுத்தம் முதல் அசையில்: சூ-யொத். கடைசியில் இருப்பது 'பந்து' என்பதில் ஒலிக்கும் மெல்லிய த.

சூயொத்தை யாரும் சுக்லாயின் ஒரு வகையாகச் சொல்வதில்லை. இரண்டும் தனித்தனிப் பொருள்கள். 'என் சுக்லாய் எங்கே' என்று கேட்டவரிடம் சூயொத்தை நீட்டினால், தலையில் பேன் இருக்கிறது என்று சொன்னது போலாகிவிடும். அதனால் சொற்கோவையில் தனித்தனிப் பதிவாகவே போடுங்கள்.

கற்பவர்கள் தடுக்கி விழும் இடங்களையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சக்லாய் என்றால் ஊன்றுகோல், கால் அடிபட்டவர் அக்குளில் வைத்து நடப்பது. சுக்லாயிலிருந்து ஒரே ஓர் உயிர்தான் மாறியிருக்கிறது. சூயோ என்றால் ஒருவரின் மனம் கவர நயந்து நடப்பது, காதல் வேண்டிப் பின்தொடர்வது. 'சினூயோ' என்றால் நயந்து பின்தொடர்ந்தான், 'சினூயொத்' என்றால் சல்லடை போட்டுத் தேடினான். கடைசி மெய்யை விழுங்கினால் வாக்கியமே வேறாகிவிடும்.

---

கரையேறி எழுதியது:

'சூயொத்' எப்படி 'சினூயொத்' ஆனது? அகராதியில் 'சுயூரின்' என்றும் ஒரு வடிவம் கிடக்கிறது, அதில் த-வே காணோம். வேர் பிடிபடவில்லை.

---

பாடவேளை எழுதியது:

தகலோக்கில் ஒட்டு சொல்லின் வயிற்றுக்குள்ளும் நுழையும். முதல் மெய்யை அடுத்து 'இன்' செருகினால் முடிந்த செயல்: ச்+இன்+ஊயொத் = சினூயொத்.

சுயூரினில் இரண்டு விதிகள் ஒன்றாக வேலை செய்கின்றன. கடைசி அசையில் இருந்த ஒ, பின்னொட்டு சேர்ந்து கடைசி இடத்தை இழந்ததும் உ ஆகிறது. 'கமோத்' (மருந்து), 'கமுதின்' (மருத்துவம் செய்) என்பதைப் பாருங்கள். அடுத்து, இரண்டு உயிர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மெல்லிய த, ர ஆகிறது: 'பாயத்' (கட்டணம்), 'பயாரான்' (பணம் கொடு). இரண்டையும் சூயொத்தின் மேல் வைத்தால் சூயொத்+இன் = சுயூரின், அதாவது 'பேன்சீப்பால் வாரு' அல்லது 'துருவித் தேடு'. அகராதியில் தேடும்போது ர-வைத் த ஆக்கி, உ-வை ஒ ஆக்கித் திரும்புங்கள், வேர் கிடைத்துவிடும்.

சுக்லாய் இந்தத் தொல்லை தராது, ஆனால் வினை வடிவம் எதை முன்னிறுத்துகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மக்சுக்லாய்: தன் தலையைத் தானே வாரிக்கொள்வது. வாரினான் என்றால் நக்சுக்லாய், வாரிக்கொண்டிருக்கிறான் என்றால் நக்சுசுக்லாய், வாருவான் என்றால் மக்சுசுக்லாய். முதல் அசை இரட்டித்தால் செயல் இன்னும் முடியவில்லை என்று பொருள்.

சுக்லாயின்: முடியை முன்னிறுத்துவது. 'சுக்லாயின் மோ அங் புஹோக் மோ', உன் முடியை வாரு.

சுக்லாயான்: ஆளை முன்னிறுத்துவது. 'சுக்லாயான் மோ அங் பாதா', குழந்தைக்குத் தலைவாரி விடு.

'குழந்தைக்கு' என்று சொல்ல வந்துவிட்டு -இன் வடிவத்தைப் போடுவதுதான் தமிழர்கள் அதிகம் செய்யும் பிழை. அப்படிச் சொன்னால் குழந்தையே வாரப்படும் பொருளாகிவிடுகிறது. வாருவது முடியை என்றால் -இன், தலையைக் காட்டி உட்கார்ந்திருப்பவரை என்றால் -ஆன் என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

---

ஏர்முனை எழுதியது:

வயல் சூயொத்தைப் பற்றி. அது நம்மூர்ப் பலுகு வகை. குறுக்குக் கட்டை ஒன்று, அதில் கீழ்நோக்கி வரிசையாகப் பற்கள், மேலே பிடித்து அழுத்த ஒரு கைப்பிடிச் சட்டம், முன்னால் கலபாவ் என்கிற எருமை. மரத்திலும் மூங்கிலிலும் இருந்த பற்கள் பிறகு இரும்பாயின. கட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் அப்படியே ஒரு பெரிய சீப்பு. பெயர் ஏன் வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வடிவம் மட்டும் காரணமில்லை, வேலையும் அதுதான். அராரோ (ஸ்பானிய 'அராதோ', கலப்பை) புரட்டிப்போட்ட மண்ணில் கட்டி, களைவேர், பழைய தாள் எல்லாம் கலந்து கிடக்கும். தண்ணீர் கட்டி ஊறவிட்டு சூயொத் ஓட்டினால் பற்கள் கட்டியை உடைத்து, வேரையும் தாளையும் அரித்து எடுக்கும். முடியிலிருந்து பேனை எடுப்பதும் சேற்றிலிருந்து களையை எடுப்பதும் ஒரே செயல்: நெருங்கிய பல் வரிசையை இடைவிடாமல் இழுத்து, சேரக்கூடாததைப் பிரித்தெடுப்பது.

ஒரே ஓட்டில் முடிவதும் இல்லை. முதல் ஓட்டு நீளவாக்கில், அடுத்தது குறுக்கே. நடுவே ஒரு வாரம் போல விடுவார்கள். அந்த இடைவெளியில் மண்ணில் கிடக்கும் களைவிதை முளைக்கும், அடுத்த ஓட்டில் அது சேற்றுக்குள் போகும். அவசரப்பட்டு அடுத்தடுத்த நாளே ஓட்டினால் முளைக்காத விதை அப்படியே தங்கி நட்ட பிறகு எழும்.

தண்ணீர் அளவில்தான் பலரும் தவறுவார்கள். அதிகம் நின்றால் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. குறைந்தால் சேறு பல்லிடுக்கில் அப்பி, பல் இல்லாத பலகை போல வழுக்கிப் போகும். கடைசியாகச் சமன் செய்யும்போது 2 முதல் 3 செ.மீ. தண்ணீர் போதும், மேடு தானாக வெளியே தலைகாட்டும். தாள் சிக்கிக்கொண்டால் எருமையை நிறுத்தாமல் கைப்பிடியைத் தூக்கி விட்டால் கழன்று விழும். வரப்போரம் வந்ததும் இதைச் செய்தால் குப்பை ஒரே இடத்தில் சேரும்.

---

சொல்வங்கி எழுதியது:

இப்போது மூன்றாவது பொருளும் விளங்குகிறது. நாம் 'சல்லடை போட்டுத் தேடுவது' என்கிறோம், அவர்கள் பேன்சீப்பு போட்டுத் தேடுகிறார்கள்.

---

பாடவேளை எழுதியது:

ஆமாம். 'சினூயொத் நங் மங்கா புலிஸ் அங் லுகார்', போலீஸார் அந்த இடம் முழுவதையும் துருவித் தேடினர். சும்மா தேடுவதற்கு இந்தச் சொல் வராது. அதற்கு 'ஹானாப்' இருக்கிறது. ஒரு மூலையிலிருந்து தொடங்கி, வரிசை வரிசையாக, விடுபடாமல் தேடினால்தான் சூயொத். காணாமல் போனவரைக் காட்டில் தேடுவது, வீடுவீடாகக் கணக்கெடுப்பது, ஆவணங்களைப் பக்கம்பக்கமாகப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும். சுக்லாயை இந்த இடத்தில் யாரும் போடுவதில்லை. அகலப் பல்லுக்குள் எதுவும் நழுவிப் போய்விடுமே.

---

வேர்த்தடம் எழுதியது:

பிறப்பைப் பற்றிச் சொல்கிறேன். 'சுக்லாய் ஸ்பானியம்', 'சூயொத் அரபு' என்று சொல்லப்படுவதையும் பார்த்திருப்பீர்கள். இரண்டும் தவறு.

ஸ்பானியத்தில் சீப்பு 'பெய்னே'. அதற்கும் சுக்லாய்க்கும் ஒலித் தொடர்பே கிடையாது. சுக்லாயின் உறவுகள் பக்கத்துத் தீவுகளில் இருக்கின்றன: செபுவானோ, வாராய் என்ற விசயா மொழிகளில் 'சுத்லாய்' என்றால் சீப்பு. நடு மெய்யில் க–த மாறியிருக்கிறது, மற்றதெல்லாம் அப்படியே. எல்லாச் சகோதர மொழிகளும் இதே சொல்லை வைத்திருப்பதாக நினைத்துவிடாதீர்கள். இன்னொரு விசயா மொழியான ஹிலிகாய்னோன் 'ஹுசாய்' என்கிறது, வடக்கு லூசோனின் இலோகானோ 'சகாய்சாய்' என்கிறது. சீப்பு போன்ற அன்றாடப் பொருளுக்குச் சொல் அடிக்கடி புதுப்பிக்கப்படும்.

அரபுக் கதை, அரபிலிருந்து மலாய்க்கு வந்த 'சுஜூத்' (தொழுகையில் தலை தாழ்த்துவது) என்ற சொல்லிலிருந்து கிளம்பியது. ஒலி ஒத்திருக்கிறது என்பதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. பொருளில் ஒட்டும் புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. மலாயின் ஜ, உறவுச் சொற்களில், தகலோக்கில் ய ஆக வருவதும் இல்லை. 'ஜாலான்' (வழி) தகலோக்கில் 'தாஆன்'.

சூயொத்துக்கு நெருங்கிய உறவு இலோகானோவின் 'சூகொத்', அதுவும் பேன்சீப்புதான். அங்கே நடு எழுத்து 'தங்கம்' என்பதில் ஒலிக்கும் க. இனி ஒலிவிதியைப் போட்டுப் பார்ப்போம். இந்த மொழிகளுக்கும் மலாய்க்கும் மூலமான ஆஸ்திரோனேசியத் தொல்மொழியில் இருந்த ஓர் ஒலி இலோகானோவில் இந்தக் க ஆகவும் தகலோக்கில் ல ஆகவும் வரும்: நெல்லுக்கு இலோகானோ 'பாகாய்', தகலோக் 'பாலாய்', மலாய் 'பாடி'. பெயருக்கு 'நாகான்', 'ஙாலான்'. அந்த வழியில் வந்திருந்தால் தகலோக்கில் 'சூலொத்' இருக்க வேண்டும். இன்னோர் ஒலி தகலோக்கில் க ஆகும்: 'புதியது' தகலோக்கில் 'பாகோ', மலாயில் 'பாரு', கபம்பங்கனில் 'பாயு'. அந்த வழி என்றால் 'சூகொத்' இருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் தகலோக்கின் ய நேர்வழியில் வந்ததாக இல்லை.

ஆனால் மேலே கபம்பங்கனைப் பாருங்கள், ய அங்கே இயல்பு. மணிலாவுக்கு வடக்கே, தகலோக்கை ஒட்டிப் பேசப்படும் மொழி. எதிர்பாராத ய உள்ள தகலோக் சொல்லைக் கண்டால் முதலில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது இந்தத் துறையில் வழக்கம். சொற்கோவையில் 'கபம்பங்கன் கடன்' என்று அடித்து எழுத வேண்டாம். 'பிலிப்பைன் மொழிகளின் பொதுச்சொல். ஒப்பிடுக: இலோகானோ சூகொத்' என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

---

தறிநாடா எழுதியது:

இலோகானோவின் சகாய்சாய் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். அங்கே 'இனாபெல்' என்கிற கைத்தறித் துணி நெய்யும் தறியில், பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் பல்வரிசைக்கும் சகாய்சாய் என்றுதான் பெயர். நாம் அச்சு என்றும் சில ஊர்களில் பண்ணை என்றும் சொல்வது. இழையை விழுதில் கோத்த பிறகு இந்தப் பல்லிடுக்குகளில் வரிசை தப்பாமல் கோத்து எடுப்பார்கள். ஓர் இடுக்கு விடுபட்டால் துணி நெடுக ஒரு கோடு விழும், இரண்டு இழை அதிகமாகப் போனால் தடித்த வரி விழும். நெய்து முடித்த பிறகு அதைத் திருத்தவே முடியாது.

சீப்பு என்ற கருத்து தலை, வயல், தறி என்று மூன்று இடத்துக்கும் போயிருக்கிறது. தகலோக் தலைக்கும் வயலுக்கும் ஒரே சொல்லை வைத்தது, இலோகானோ தலைக்கும் தறிக்கும் ஒரே சொல்லை வைத்தது. நாம் மூன்றுக்கும் மூன்று சொல் வைத்திருக்கிறோம். ஆனால் வாழைக்கும் தலைக்கும் ஒன்றே.

---

வேர்த்தடம் எழுதியது:

வாழை என்றதும் 'சீப்பி'க்கு வந்துவிடலாம்.

விசயா மொழிகளில் சீப்பி என்றால் வாழைத்தாரில் ஒரு சீப்பு என்பது உண்மை (ப் ஒன்றுதான், நாம் இரட்டித்து எழுதுவது ஒலியைக் காட்ட). ஆனால் அந்தச் சொல்லின் அடிப்பொருள் 'பிரித்து எடு, முறித்து எடு'. தாரிலிருந்து முறித்தெடுத்த பகுதி என்பதால் சீப்பி. தலைவாரும் சீப்பை அங்கே யாரும் சீப்பி என்பதில்லை. தமிழில் திசையே வேறு: சீவு என்ற வினையிலிருந்து சீப்பு, அதன் பல்வரிசை போல இருப்பதால் வாழைச்சீப்பு. அவர்களுக்கு முறித்த துண்டு, நமக்குப் பல்வரிசை. ஒலி மட்டும் தற்செயலாக ஒத்துப்போகிறது.

வழியும் இல்லை. தகலோக்கில் உறுதியாகத் தமிழ் மூலம் உள்ள சொற்கள் மலாய் வழியாகப் போனவை. மாங்காய் அங்கே 'மாங்கா' ஆனது, வகை மலாயில் 'பகாய்' ஆகித் தகலோக்கில் 'பாகாய்' (பொருள்) ஆனது. மலாயில் சீப்புக்கு 'சிசிர்', 'சிகாட்' என்ற சொற்கள்தான், தமிழ்ச் சீப்பு அங்கே கால் வைக்கவே இல்லை.

உண்மையான ஒற்றுமை வேறிடத்தில் இருக்கிறது, அது இன்னும் அழகானது. மலாயில் 'செசிசிர் பிசாங்' என்றால் ஒரு சீப்பு வாழைப்பழம், சிசிர் என்றால் தலைசீப்பு. நம்மைப் போலவே வாழையில் சீப்பைப் பார்த்த மொழி அது. தகலோக் அப்படிப் பார்க்கவில்லை: வாழைச்சீப்பு 'பீலிங்', முழுத்தார் 'புவிக்'. மணிலாச் சந்தையில் 'ஒரு சுக்லாய் வாழைப்பழம்' என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியாது.

---

கரையேறி எழுதியது:

பைனேதா என்று ஒன்று தலைப்பில் இருக்கிறதே?

---

பாடவேளை எழுதியது:

அதுதான் ஸ்பானியத்திலிருந்து வந்தது: 'பெய்னே' (சீப்பு), அதிலிருந்து 'பெய்னேதா' (கொண்டையில் செருகும் வளைந்த அலங்காரச் சீப்பு). வாருவதற்கு அல்ல, வாரி முடித்த பிறகு செருகுவதற்கு. 19ஆம் நூற்றாண்டு மேல்தட்டுப் பெண்கள் ஆமையோட்டில் செய்து தங்கத் தகடு பதித்ததை அணிந்தார்கள். தகலோக் தன் சுக்லாயை விட்டுக்கொடுக்காமல், புதிய அணிக்கு மட்டும் புதிய சொல்லை எடுத்துக்கொண்டது.

செருகும் இடம் கொண்டை, அதாவது 'புசோத்', அழுத்தம் கடைசியில். அழுத்தத்தை முன்னால் தள்ளி 'பூசொத்' என்றால் தொப்புள். பேச்சில் கவனம் வேண்டும்.

ஸ்பானிய 'செபில்யோ' (தூரிகை) 'சிபில்யோ' ஆகிப் பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் போய்விட்டது. அதைத் தலைக்கு எழுதாதீர்கள்.

---

ஏர்முனை எழுதியது:

சூயொத் பதிவோடு பேன் சொற்களையும் சேர்த்துவிடுங்கள், ஒன்றில்லாமல் மற்றது விளங்காது. கூதோ தலைப்பேன், லிசா ஈர், குயுமாத் பொரித்த குஞ்சுப்பேன், தூமா உடுப்பில் தங்கும் சீலைப்பேன்.

---

பாடவேளை எழுதியது:

அதோடு 'ஹிஙூதோ', பேன் பார்ப்பது. ஹிங் என்ற முன்னொட்டு கூதோவோடு சேரும்போது கூதோவின் க விழுந்துவிடும். கையால் பார்ப்பது ஹிஙூதோ, சீப்பால் எடுப்பது சூயொத்.

பயன்படுத்தும் முறையிலேயே இரண்டு சீப்புச் சொல்லும் வரிசையாக வந்துவிடும். முடியை நனைத்து எண்ணெயோ கண்டிஷனரோ தடவி, முதலில் சுக்லாயால் சிக்கெடுக்க வேண்டும். சிக்கோடு சூயொத்தை இழுத்தால் முடி அறுந்து, பல்லும் வளைந்துவிடும். பிறகு இரண்டு விரல் அகலப் பகுதியாகப் பிரித்து, பல் தலைத்தோலைத் தொட வேரிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைக்க வேண்டும்.

வளர்ந்த பேன் 2–3 மி.மீ. நீளம், ஈர் ஏறத்தாழ 0.8 மி.மீ. நீளமும் 0.3 மி.மீ. அகலமும். ஆகவே பல்லிடைவெளி 0.3 மி.மீ.க்குள் இருந்தால்தான் ஈர் வரும். பிளாஸ்டிக் பல் வளைந்து கொடுப்பதால் பேன் வரும், ஈர் தங்கிவிடும். ஈர் பொரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் 2–3 நாளுக்கு ஒருமுறை இரண்டு வாரம் தொடர வேண்டும். உலோகச் சீப்பை 55 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் போட்டு எடுக்கலாம். மரமும் மூங்கிலும் ஊறினால் பல் நெளிந்து இடைவெளி விரியும்.

---

வேர்த்தடம் எழுதியது:

பழைய அகராதிகளில் தேடுவோருக்கு. 1613இல் லகுனா மாகாணத்தின் பிலாவில் அச்சான சான் புவெனவென்துராவின் அகராதி ஸ்பானியச் சொல் வரிசையில் அமைந்தது. அதில் 'பெய்னே' என்ற இடத்துக்குப் போக வேண்டும். 1754இல் வந்த நொசேதா–சான்லூகர் அகராதி தகலோக் வரிசை. ஆனால் அந்தக் காலத்தில் க ஒலிக்கு ஸ்பானிய முறையில் 'சே' (c) எழுத்தைப் போட்டார்கள். 'கா' (k) எழுத்து நிலைபெற்றது 19ஆம் நூற்றாண்டின் முடிவில்தான். ஆகவே சுக்லாயை 'சே' எழுத்தோடு தேடுங்கள். சூயொத்துக்கு உ–ஒ, த–ர இரண்டையும் மாற்றிப் பாருங்கள். ஸ்பானியர் வருமுன் தகலோக் எழுதிய பைபாயின் எழுத்தில் உ-வுக்கும் ஒ-வுக்கும் ஒரே குறி, த-வுக்கும் ர-வுக்கும் ஒரே எழுத்து, அந்தப் பழக்கம் ஏடுகளிலும் தொடர்ந்தது.

---

சொல்வங்கி எழுதியது:

இப்படிப் போடுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

சீப்பு 1 (தலைவார): சுக்லாய். ஒப்பு: செபுவானோ, வாராய் சுத்லாய்.
சீப்பு 2 (பேன், ஈர் எடுக்க): சூயொத். ஒப்பு: இலோகானோ சூகொத். மேலும் பலுகு, துருவித் தேடுதல்.
சீப்பு 3 (கொண்டையில் செருக): பைனேதா. ஸ்பானியம்.
சீப்பு 4 (வாழை): பீலிங்.

---

பாடவேளை எழுதியது:

சரியாக இருக்கிறது. இரண்டாவதில் மட்டும் 'சுயூரின்' வடிவத்தையும் தனி வரியாகப் போட்டு 'காண்க: சூயொத்' என்று சேர்த்துவிடுங்கள். ர-வைப் பார்த்துவிட்டுத் தேடி வருபவர் அந்த வரியில்தான் வந்து நிற்பார்.